இருண்ட திரையில் டார்ச் அடித்தால் எழுத்து தெரிவது எப்படி?

வண்டிப்பெரியாறு பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ஏலக்காய் ஸ்டோர் கணக்கு முழுக்க அவருடைய பழைய லேப்டாப்பில்தான். ஒரு வாரமாகத் திரை இருட்டு. மழையில் கரண்ட் போன ராத்திரி டார்ச் வெளிச்சம் அதன்மேல் பட்டபோது, கணக்குக் கட்டங்கள் மங்கலாகத் தெரிந்தனவாம். வீட்டுப் பெரியவர்கள் கெட்ட சகுனம் என்று பயந்துவிட்டார்கள். பயப்பட ஒன்றுமே இல்லை. அந்த டார்ச் பழுதில் பாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறது.

லேப்டாப்பில் இருக்கும் எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை, தானாக ஒளிர்வதில்லை. பின்னால் ஒரு விளக்கு, முன்னால் குட்டிக் கதவுகள். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில், மூன்று நிறத்துக்கும் சேர்த்து 31 லட்சத்துக்கும் மேல் கதவுகள் உண்டு. அந்தக் கதவு திறந்து மூடும் விதம் இருக்கிறதே, எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை.

போலராய்டு தாள் ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும்; அப்படி இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி கடக்காது. பள்ளியில் படித்ததுதான். அவற்றுக்கு நடுவே இரண்டு கண்ணாடிகள், இடைவெளி 5 மைக்ரான் அளவு, அதாவது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக்கினால் அதில் ஐந்து பங்கு. அதில் குச்சி வடிவ மூலக்கூறுகள் கொண்ட திரவப் படிகம்: திரவம் போல ஓடும், ஆனால் மூலக்கூறுகள் படிகம் போல ஒரே திசை பார்த்து நிற்கும். கண்ணாடியின் உள்பூச்சைத் துணியால் ஒரே திசையில் தேய்த்திருப்பார்கள். குச்சிகள் அந்தத் திசையிலேயே படுத்துக்கொள்ளும். எதிர்க் கண்ணாடியில் தேய்த்தது குறுக்குத் திசையில். அதனால் நடுவிலிருக்கும் குச்சிகள் சுழல் படிக்கட்டு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, மறுமுனையில் 90 டிகிரி வந்து நிற்கும். ஒளியின் அதிர்வுத் திசையும் கூடவே திரும்பி, இரண்டாவது தாளைத் தாண்டி வெளியே வந்துவிடும். சில வோல்ட் கொடுத்தால் குச்சிகள் எழுந்து நின்றுவிடும். படிக்கட்டு கலைந்தது, கதவு மூடியது.

அதாவது, அந்தக் காலத்து லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்கும் இந்த வகைத் திரைக்கு வெள்ளைதான் ஓய்வு. கறுப்புக்குத்தான் மின்சாரம் வேண்டும். விளக்கு எரிந்து, படத்தின் சிக்னல் மட்டும் வராவிட்டால் திரை வெள்ளையாகக் கிடக்கும். வாசகியின் திரையில் நடந்தது இதற்கு நேர் எதிர். சிக்னல் வருகிறது, கதவுகள் ஒழுங்காக வேலை செய்கின்றன, விளக்கு மட்டும் எரியவில்லை. டார்ச் ஒளி திறந்த கதவு வழியே உள்ளே போய், பின்னாலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு அதே வழியில் திரும்புகிறது. போகும்போதும் வரும்போதும் போலராய்டும் நிற வடிகட்டியும் ஒளியைத் தின்றுவிடுவதால்தான் அவ்வளவு மங்கல்.

இதெல்லாம் தொடங்கியது ஒரு கேரட்டில். 1888ல் பிராக் நகரில் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்ட்ரால் வகைப் பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல் நிலைதான் திரவப் படிகம். சுழல் படிக்கட்டுத் திரை வர அதன்பின் 80 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1977ல் பெங்களூர் ராமன் ஆய்வுக் கழகத்தில் எஸ்.சந்திரசேகரும் அவர் குழுவினரும், தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினார்கள். பிற்பாடு, திரையைப் பக்கவாட்டிலிருந்தும் பார்க்க உதவும் படலத்துக்கு அந்த வகைப் பொருள் பயன்பட்டது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்குப் பணத்தைக் குறைப்பது பெரிய தவறு என்பேன்.

சரி, பழுதுக்கு வருவோம். முதலில் வெளிச்சம் கூட்டும் பட்டனை அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஒரு மானிட்டரையோ டிவியையோ கேபிளில் இணைத்து, கணக்கைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். மூடியை அசைக்கும்போது வெளிச்சம் வந்து வந்து போனால், கீல் வழியாகப் போகும் கேபிள் நைந்திருக்கும். சாரலும் ஈரமும் உள்ள ஊரில் கனெக்டரில் பச்சை பூப்பதும் சகஜம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால் சில சமயம் சரியாகிவிடும். இரண்டும் இல்லையென்றால் விளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் பலகையோ போயிருக்கலாம். 2009க்கு முந்தைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் உள்ளே எல்இடி இருக்காது, மெல்லிய டியூப்லைட்தான். அதைப் பற்றவைக்க 1000 வோல்ட்டுக்கும் மேல் தேவை, உள்ளே பாதரசமும் உண்டு. அதை நீங்கள் திறக்க வேண்டாம். கடையில் முழுத் திரையையும் மாற்றச் சொன்னால், அவர்கள் கண்ணெதிரே டார்ச் அடித்துக் காட்டி, முதலில் இன்வெர்ட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.