பிள்ளைகளின் பல்லுக்கு அரசு என்ன செய்து தரும்? செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிள்ளை படித்தால், வருடத்தில் ஒரு நாள் மருத்துவக் குழு ஒன்று வேனில் வந்து எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பார்த்துவிட்டுப் போகும். உயரம், எடை, கண், காது, தோல், கூடவே பல். சொத்தை தெரிந்தால் ஒரு பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டுகள் பல, புத்தகப் பையின் அடியிலேயே கசங்கிக் கிடக்கின்றன. எடுத்துக் காட்டினாலும், "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்று அப்பத்தா ஒரு வார்த்தை சொன்னால் விஷயம் முடிந்தது.

முடியக் கூடாது. அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. அதில் பல்லைப் பிடுங்குவது மட்டும் இல்லை, பல்லைக் காப்பாற்றுவதும் அடங்கும். எதைக் கேட்கலாம், எங்கே போகலாம் என்று காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், திருமயம் வட்டாரத்துப் பெற்றோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

வேனில் வருவது யார்?

மத்திய அரசு 2013 பிப்ரவரியில் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின் குழு அது. ஆவணங்களில் ஆர்.பி.எஸ்.கே. என்று சுருக்கி எழுதுவார்கள். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை எல்லாரும் இதற்குள் வருவார்கள். பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, குழந்தைப் பருவ நோய், வளர்ச்சியில் தாமதம் என நான்கு பிரிவுகளில் பார்க்கிறார்கள். இதில் குழந்தைப் பருவ நோய்களின் பட்டியலில் பல் பிரச்சினை பெயர் சொல்லியே இடம் பெற்றிருக்கிறது. பிளவுபட்ட உதடும் அண்ணமும் பிறவிக் குறைபாடுகளில் உள்ளன. குறையைக் கண்டுபிடித்துச் சொல்வதோடு குழுவின் வேலை முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவைப்பட்டால் அறுவைச் சிகிச்சை வரை இலவசமாகச் செய்து கொடுப்பதும் இந்தத் திட்டத்தின் பொறுப்புதான்.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிப் பிள்ளைகளை ஒரு முறையும் பார்க்க வேண்டும் என்பது விதி. குழுவில் மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர் இருப்பார்கள். பல் மருத்துவர் அந்த வேனில் வருவதில்லை. டார்ச் அடித்து வாயைப் பார்க்கும்போது கறுத்துக் குழி விழுந்த பல் தெரியும். இரண்டு பல்லுக்கு நடுவில் ஆரம்பிக்கிற சொத்தை தெரியாது. ஆகவே சீட்டு வரவில்லை என்பதற்காகப் பல் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். தமிழ்நாடு அரசு 2023-இல் பள்ளிப் பிள்ளைகளின் பல் பரிசோதனைக்கென்றே 'புன்னகை' என்ற திட்டத்தையும் தொடங்கியது. உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு அது வந்ததா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டால் தெரிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. நகரத்தார் அந்தக் காலத்தில் கட்டி நடத்திய பள்ளிகளில் பல, இன்று அரசு உதவி பெறும் பள்ளிகளாக இருக்கின்றன. 'இது அரசுப் பள்ளி இல்லையே, நமக்கு எப்படிக் கிடைக்கும்' என்று ஒதுங்க வேண்டியதில்லை. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. மெட்ரிக் பள்ளியிலும் சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் படிக்கிற பிள்ளைகளைத் தேடி இந்த வேன் வராது, அவ்வளவுதான். நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஓ.பி. சீட்டு போட்டால் அதே பல் மருத்துவர்தான் பார்ப்பார். வருமானச் சான்றோ ரேஷன் கார்டோ அதற்குத் தேவையில்லை.

பால் பல்லை ஏன் அடைக்க வேண்டும்?

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம். பால் பற்கள் 20. முன்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும், உண்மை. ஆனால் பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. ஐந்து வயதில் சொத்தையான கடைவாய்ப் பல்லை 'விழுந்துவிடும்' என்று விட்டால், அந்தப் பிள்ளை இன்னும் ஐந்தாறு வருடம் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிடும். சொத்தை உள்ளே இறங்கி வேரில் சீழ் கட்டினால், கீழே வளர்ந்துகொண்டிருக்கிற நிலைப்பல்லின் மேற்பரப்பையே அது கெடுக்கலாம். சீக்கிரமே பிடுங்கிவிட்டாலோ, பக்கத்துப் பற்கள் அந்த இடைவெளியில் சாய்ந்துவிடும். பிற்பாடு முளைக்க வரும் பல்லுக்கு இடம் இருக்காது. பதினான்கு வயதில் பல் வரிசைக்குக் கம்பி கட்டச் செலவழிக்கும் பணத்துக்குப் பின்னால், பல நேரங்களில், ஆறு வயதில் அவசரமாகப் பிடுங்கிய ஒரு பல் இருக்கிறது.

அடுத்து இதைவிட முக்கியமான ஒன்று. ஆறு வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அதையும் பால் பல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். அவைதான் முதலில் முளைக்கும் நிலையான கடைவாய்ப் பற்கள். விழுந்தால் மறுபடி முளைக்காது. மேலே ஆழமான பள்ளங்கள் இருப்பதால் முளைத்த சில வருடங்களுக்குள்ளேயே சொத்தை பிடிப்பதும் இவற்றில்தான் அதிகம். பிள்ளை ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ படித்தால் இன்றைக்கே வெளிச்சத்தில் நிறுத்தி, பின்னால் எட்டிப் பாருங்கள்.

இந்தப் பள்ளங்களை ஒரு பிசின் வைத்து மூடிவிடலாம். சீலன்ட் என்பார்கள். ஊசி இல்லை, குடைவது இல்லை. பல்லைச் சுத்தம் செய்து, காயவைத்து, பூசி, விளக்கு அடித்தால் முடிந்தது. இதோடு ஃப்ளோரைடு வார்னிஷ் என்று ஒரு பூச்சும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பல்லின் மேல் தடவுவார்கள். வருமுன் காக்கிற வேலை இந்த இரண்டும்தான். வலி வந்தபின் போகிறவர்களுக்கு இவை இருப்பதே தெரியாது என்பதால் நாமே வாய்விட்டுக் கேட்க வேண்டும்: "டாக்டர், சீலன்ட் வைக்க முடியுமா, வார்னிஷ் பூச முடியுமா?"

சொத்தை வந்தபின் என்ன செய்வார்கள் என்பது அது எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேலோட்டமாக இருந்தால் கெட்ட பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற பொருளை வைத்து அடைப்பார்கள். இதற்கு மோட்டார் இல்லாமல் கைக்கருவியாலேயே சுத்தம் செய்கிற முறையும் இருக்கிறது. மெஷின் சத்தத்துக்கே அழுகிற பிள்ளைகளுக்கு அது வசதி. சிறு குழந்தை நாற்காலியில் உட்காரவே மாட்டேன் என்றால், சொத்தை மேலே பரவாமல் நிறுத்த வெள்ளி கலந்த ஒரு ஃப்ளோரைடு திரவத்தைத் தொட்டுவைப்பது உண்டு. தடவிய இடம் கறுத்துப் போகும். அது மருந்தின் தன்மை, பயப்பட வேண்டாம். சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் பால் பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்யலாம். அப்புறம் மேலே எஃகு கேப் போடுவார்கள். பல்லை எடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தாலும், அந்த இடம் மூடிவிடாமல் இருக்கக் கம்பி வளையம் ஒன்று பொருத்தலாம்.

கறுப்பு வெள்ளி நிற அடைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பாதரசம் கலந்திருக்கிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பால் பற்களுக்கும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையில் 2022-இல் முடிவானது. இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. எங்கே போனாலும் பிள்ளைக்குப் பல் நிற அடைப்பாகவே கேளுங்கள்.

இவை எல்லாமே எல்லா இடத்திலும் ஒரே நாளில் நடந்துவிடாது. அடைப்பதும் பிடுங்குவதும் வட்ட அளவிலான மருத்துவமனையிலேயே முடியும். வேர் சிகிச்சை, கேப், கம்பி வளையம் போன்றவற்றுக்கு மேலே அனுப்பலாம். அனுப்பினால் போங்கள். "இங்கேயே பிடுங்கிவிடுங்க, திரும்பத் திரும்ப வர முடியாது" என்று சொல்வது பெரும்பாலும் டாக்டர் இல்லை, நாம்தான். சம்பள நாளை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்களின் கஷ்டம் புரியாமல் இதைச் சொல்லவில்லை. ஆனால் நாமே பிடுங்கச் சொல்லிக் கேட்டால், நெருக்கடியான ஓ.பி.யில் யாரும் நம்மோடு வாதாட மாட்டார்கள்.

எங்கே போவது?

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடப்பதால் வழியும் இரண்டாகப் பிரிகிறது. சிவகங்கை மாவட்டத்து ஊர்க்காரர்களுக்குக் காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனை பக்கம். அதற்கு மேல் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. தேவகோட்டை, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகளுக்கோ உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போகிறவர்கள், பல் மருத்துவர் எந்தெந்தக் கிழமை இருப்பார் என்று முதலில் விசாரித்துவிடுங்கள். ராயவரம், கோனாபட்டு, ராங்கியம் பக்கம் புதுக்கோட்டை மாவட்டம். அங்கே 2023-இல் அரசு பல் மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. பல் மருத்துவக் கல்லூரி என்றால் குழந்தைகள் பல் மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கும், பல் வரிசை சீரமைப்புக்குத் தனித் துறை இருக்கும். காரைக்குடிக்காரர்களும் திருமயம் வழியாகப் போய்விடலாம். மாவட்ட எல்லை ஒரு தடை இல்லை. ஒரே ஒரு விஷயம், கல்லூரியில் வேலை நிதானமாக நடக்கும். ஒரு பல்லுக்கு இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள்.

பரிந்துரைச் சீட்டு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் கீழ், பிள்ளைகளின் குறைகளுக்குத் தொடக்கத்திலேயே சிகிச்சை தர மாவட்டத்துக்கு ஓர் இடையீட்டு மையம் உண்டு, டெய்க் என்று அழைப்பார்கள். அந்த மையத்துக்கென்று ஒரு பல் மருத்துவர் பணியிடமும் இருக்கிறது. சீட்டோடு போனால் பிள்ளையின் பெயர் அங்கே பதிவாகும். மேற்சிகிச்சைக்கு அனுப்ப அது உதவும். சீட்டு தொலைந்துவிட்டாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. ஓ.பி. காலையில்தான் என்பதால் பள்ளிக்கு ஒரு நாள் லீவு போட்டு, சாப்பாடு கொடுத்தே அழைத்துப் போங்கள். பசியோடு இருக்கிற பிள்ளை நாற்காலியில் ஒத்துழைக்காது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிறவர்களுக்கான திட்டம் அது. அரசு மருத்துவமனையில் சொத்தை அடைக்க அந்த அட்டையே தேவையில்லை. பெரிய அறுவைச் சிகிச்சை என்று வரும்போதுதான் அதன் பயன். பிள்ளையின் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. உதடோ அண்ணமோ பிளவுபட்டுப் பிறந்த குழந்தை என்றால் எதற்காகவும் காத்திராமல் கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். அந்த அறுவைக்கு ஏற்ற வயது இருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது.

வீட்டில்

முதல் பல் தெரிந்த நாளிலிருந்தே துலக்க வேண்டும். மூன்று வயது வரை அரிசி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், அதற்கு மேல் பட்டாணி அளவு. காலையில் ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை. இரண்டில் இரவுதான் முக்கியம். ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் கூட நின்று துலக்கிவிட வேண்டும். வாயில் பால் பாட்டிலோடு தூங்கவைக்கும் பழக்கம் மேல் முன்பற்களை ஒரே வருடத்தில் கரைத்துவிடும்.

நம் வீடுகளில் இடைப்பலகாரம் இல்லாத சாயங்காலம் கிடையாது. பால் பணியாரமும் அதிரசமும் கொடுக்காதீர்கள் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள், எனக்குத் தெரியும். கொடுங்கள், ஆனால் உட்காரவைத்து ஒரே தடவையாகக் கொடுங்கள். ஒவ்வொரு முறை இனிப்பு வாய்க்குள் போகும்போதும் அரைமணி நேரம் வரை பல்லின் மேல் அமிலம் வேலை செய்யும். நான்கு மாவுருண்டையை ஒரே நேரத்தில் தின்பதைவிட, டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒன்றொன்றாகத் தின்பதுதான் பல்லுக்குக் கேடு. பிறகு தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

விழுந்து அடிபட்டு நிலைப்பல் வேரோடு வந்துவிட்டால் அதைத் துடைக்கவோ தேய்க்கவோ கூடாது. வெள்ளைப் பகுதியை மட்டும் பிடித்து, ஒரு டம்ளர் பாலில் போட்டு, முடிந்தால் அரைமணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் ஓடுங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்பு உண்டு. பால் பல் என்றால் பொருத்த மாட்டார்கள். ஆனாலும் காட்டிவிடுவது நல்லது.

சீட்டோடு போயும் "பல் டாக்டர் இல்லை, இன்னொரு நாள் வாங்க" என்றே திருப்பி அனுப்பினால், எந்த நாள் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அப்படியும் நடக்கவில்லை என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் சொல்லலாம், முதலமைச்சரின் உதவி மையத்துக்கு 1100-இல் புகார் பதியலாம். பள்ளிக்கு வேன் வரவே இல்லை என்றால் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வட்டார மருத்துவ அலுவலருக்கு பள்ளி மேலாண்மைக் குழு வழியாக ஒரு கடிதம் கொடுத்தால் போதும்.