ஜிஎஸ்டி எண் இல்லாமல் ஆன்லைனில் விற்க முடியுமா?

ஊறுகாய், பருத்தித் துண்டு, கோரைப்பாய், கருப்பட்டி என்று வீட்டிலிருந்தோ சின்னப் பட்டறையிலிருந்தோ விற்பவர்கள் ஆன்லைன் தளத்தில் கணக்குத் தொடங்கப் போனால், முதலில் கேட்கப்படுவது ஜிஎஸ்டி எண். பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சிலர் மாதம் இருபதாயிரத்துக்கு விற்கும்போதே பயந்துபோய் எண்ணை வாங்கிவிட்டு, ஒன்றுமே விற்காத மாதத்துக்கும் ரிட்டர்ன் (வரிக் கணக்குத் தாக்கல்) போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போட மறந்தால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் வேறு. 2023 அக்டோபர் 1 முதல் இரண்டுக்குமே அவசியமில்லை.

அதற்கு முன்பு நிலைமை விசித்திரமாக இருந்தது. கடைத்தெருவில் கடை போட்டிருப்பவருக்கு ஒரு வரம்பு வரை பதிவு வேண்டாம். அதே சரக்கைத் தளம் வழியாக விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். 2023 ஜூலை 31 தேதியிட்ட 34-ஆம் எண் அறிவிக்கை இதைத் தளர்த்தியது. நேரில் விற்பவருக்கு உள்ள வரம்புதான் இப்போது தளம் வழியாகச் சரக்கு விற்பவருக்கும். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய், புதுச்சேரியில் 20 லட்சம்.

இந்த 40 லட்சத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆன்லைன் விற்பனை மட்டும் கணக்கில்லை. ஒரே பான் எண்ணில் நடக்கும் எல்லா விற்பனையும் சேரும்: கடைக் கல்லாவில் விழுவது, கண்காட்சியில் விற்றது, வரி இல்லாத பொருளை விற்றது, எல்லாம். போன நிதியாண்டு, நடப்பு நிதியாண்டு இரண்டிலும் வரம்புக்குள் இருக்க வேண்டும். சரக்கோடு சேவையும் செய்தால் வரம்பு 20 லட்சமாகக் குறையும். சேலை விற்பதோடு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக் கூலியும் வாங்கினால் அது சேவை. ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை, செங்கல் விற்பவர்களுக்கும் 40 லட்ச வரம்பு பொருந்தாது.

பதிவு வேண்டாம் என்பதற்காக எதுவுமே செய்யாமல் விற்க ஆரம்பித்துவிட முடியாது. ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவு இல்லாதவர்களுக்கான பகுதியில் பான் எண், தொழில் நடக்கும் முகவரி, மாநிலம் ஆகியவற்றைக் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். எண் கைக்கு வந்த பிறகுதான் தளத்தில் விற்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை, மாத ரிட்டர்னும் இல்லை. மீஷோ இந்த எண்ணை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் எல்லாத் தளமும் எல்லாப் பொருளுக்கும் ஏற்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சரக்கைப் பேக் செய்வதற்கு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமான நிபந்தனை: மாநில எல்லையைத் தாண்டி விற்கக் கூடாது. எண்ணும் ஒரே ஒரு மாநிலத்துக்குத்தான் கிடைக்கும். கடலூர்க்காரர் கன்னியாகுமரி வரை அனுப்பலாம், பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்ப முடியாது. நாகப்பட்டினத்துக்காரருக்குக் காரைக்காலும் அப்படித்தான். சேர்க்கை எண் வைத்திருப்பவரின் சரக்கை வெளிமாநிலத்துக்குப் போகவிடாமல் தடுப்பது தளத்தின் பொறுப்பு. இந்த விற்பனையில் தளம் ஜிஎஸ்டிக்கான டிசிஎஸ் (விற்ற பணத்திலிருந்து தளமே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்கவும் கூடாது. சொந்த இணையதளத்தில் வரம்புக்குள், மாநிலத்துக்குள் விற்பவருக்கு இந்தச் சேர்க்கை எண்கூடத் தேவையில்லை. மாநிலம் தாண்டினால் அங்கேயும் பதிவு வேண்டும். கைவினைப் பொருள்கள் சிலவற்றுக்கு மட்டும் தனி விலக்கு உண்டு. உங்கள் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பொருளைப் பட்டியலிட உதவும் 'டீம்' திட்டம்

சட்டம் வழிவிட்டாலும் படம் எடுப்பது, விவரம் எழுதுவது, பெட்டி வாங்குவது என்று வேலைகள் இருக்கின்றன. இதற்காக மத்திய சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2024 ஜூனில் 'எம்எஸ்எம்இ டீம்' திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 277.35 கோடி ரூபாய். மூன்று நிதியாண்டுகளில் 5 லட்சம் குறு, சிறு நிறுவனங்களை ஓஎன்டிசி வலைப்பின்னலில் சேர்ப்பது இலக்கு. அதில் பாதி பெண்கள் நடத்தும் நிறுவனங்களாக இருக்க வேண்டும். நடத்துவது தேசிய சிறுதொழில் கழகம். பொருள் பட்டியல் தயாரிப்பு, கணக்கு நிர்வாகம், டெலிவரி, பேக்கிங் வடிவமைப்பு ஆகியவற்றுக்கு உதவி கிடைக்கிறது. உங்கள் கையில் ரொக்கமாக மானியம் தரும் திட்டம் இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஓஎன்டிசி ஒரு கடை அல்ல. விற்பவர் ஒரு செயலியில் சேருவார், வாங்குபவர் வேறொரு செயலியில் பார்ப்பார், இரண்டையும் இணைக்கும் பொதுப் பாதை அது. ஒரு விற்பனைச் செயலியில் சேர்ந்தால், அந்த வகைப் பொருளைக் காட்டும் வாங்குபவர் செயலிகளில் எல்லாம் உங்கள் சரக்கு தெரிய வழி உண்டு.

டீம் திட்டத்தில் சேர உத்யம் பதிவு, அதாவது சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, வேண்டும். ஆதாரும் பானும் இருந்தால் உத்யம் இணையதளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் கிடையாது. அரசு தளம் போலவே தோற்றம் காட்டிப் பணம் கேட்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும், கவனம். இன்னொரு விஷயம், இந்தத் திட்டம் உற்பத்தி, சேவைத் தொழில்களுக்கானது. மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவருக்கும் உத்யம் எண் கிடைக்கும், ஆனால் அதில் அவருக்கு உள்ள பயன் வங்கிக் கடனில் முன்னுரிமை என்பதோடு நின்றுவிடும்.

திரையில் தெரியும் கணக்கு

எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் பிறகு பார்க்க வேண்டியது விற்பனையாளர் பக்கத்தில் இலவசமாகவே கிடைக்கும் எண்கள். பெரும்பாலானோர் ஆர்டர் எத்தனை, பணம் எப்போது வரும் என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது நான்கு: எத்தனை பேர் திரையில் பொருள் வந்தது, எத்தனை பேர் தொட்டார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திருப்பி அனுப்பினார்கள்.

சென்னிமலைத் துண்டு ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஐயாயிரம் திரைகளில் வந்து ஐம்பது பேர்தான் தொட்டார்கள் என்றால் கோளாறு படத்திலோ தலைப்பிலோ விலையிலோ இருக்கிறது. மடித்து வைத்த துண்டை டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருப்பீர்கள். ஐந்நூறு பேர் தொட்டும் மூன்று பேர்தான் வாங்கினார்கள் என்றால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது, உள்ளே போனவருக்கு ஏதோ குறைகிறது. பெரும்பாலும் அளவு போட்டிருக்காது, அல்லது டெலிவரி கட்டணம் சேர்ந்ததும் விலை எகிறியிருக்கும். கூரியர் கட்டணம் பொதுவாக அரைக் கிலோ அடுக்குகளாகக் கணக்கிடப்படுகிறது. பார்சல் 510 கிராம் இருந்தால் அடுத்த அடுக்குக்கான காசு. அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு உறையில் போட்டால் 480-க்கு வந்துவிடும். பெட்டி பெரிதாக இருந்தால் எடையை விட்டுவிட்டு அதன் கன அளவுக்குக் காசு போடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். துண்டு திரும்பி வந்தால் காரணத்தைப் படியுங்கள். 'நிறம் வேறு' என்று திரும்பத் திரும்ப வந்தால் மாற்ற வேண்டியது படத்தை, துண்டை அல்ல.

சொந்த இணையதளம் வைத்திருந்தால் கூகுள் அனலிட்டிக்ஸ், சர்ச் கன்சோல் இரண்டும் இலவசம். எந்தச் சொல்லைத் தேடி உங்களிடம் வந்தார்கள் என்று சர்ச் கன்சோல் காட்டும். நீங்கள் 'பிரீமியம் பாத் லினன்' என்று எழுதி வைத்திருப்பீர்கள், ஜனங்கள் 'ஈரோடு துண்டு' என்று தேடிக்கொண்டிருப்பார்கள். அனலிட்டிக்ஸில் பொருளைப் பார்த்தது, கூடையில் போட்டது, பணம் கட்டியது மூன்றும் தனித்தனியாகப் பதிவாகிறதா என்று தளம் செய்து கொடுத்தவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த அமைப்பைச் செய்யாவிட்டால் வந்தவர் எண்ணிக்கை தெரியும், வாங்கியவர் கணக்கு தெரியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும் லிங்கில், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் அடையாளக் குறி சேர்க்காவிட்டால் அதன் வழியாக வந்தவர்களில் பலர் 'நேரடி வருகை' என்ற கணக்கில் கலந்துவிடுவார்கள்.

ஜிஎஸ்டி எப்போது எடுப்பது என்ற கேள்விக்கும் பாதிப் பதில் இந்த எண்களில் இருக்கிறது. சேர்க்கை எண்ணில் விற்கும்போது வெளிமாநில ஆர்டர் தளத்தின் கணக்கில் வரவே வராது, அதனால் அங்கே பார்த்துப் பயனில்லை. அனலிட்டிக்ஸில் ஊர்வாரியாக வருகையைப் பாருங்கள், இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் எந்த நகரம் என்று பாருங்கள், வாட்ஸ்அப்பில் "பெங்களூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டவர்களைக் குறித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு வெளியிலிருந்து வந்தால் 40 லட்சம் வரும் வரை காத்திருக்காமல் பதிவு எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. எல்லாமே தமிழ்நாட்டுக்குள் என்றால் அவசரமில்லை.

எடுப்பதாக முடிவானால், மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டம் வேண்டாம். வரி ஒரு சதவீதம்தான், ஆனால் அதிலும் மாநிலம் தாண்டி விற்க முடியாது. சாதாரணப் பதிவில் 5 கோடி வரை டர்ன்ஓவர் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரிட்டர்ன் போடும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பதிவு வந்ததும் பழைய சேர்க்கை எண் செல்லாது, தளத்தில் புதிய எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து தளம் ஒவ்வொரு விற்பனையிலும் 0.5 சதவீதம் டிசிஎஸ் பிடிக்கும். 2024 ஜூலை 10-க்கு முன் அது ஒரு சதவீதமாக இருந்தது. அந்தப் பணம் உங்களுடையதுதான், ஆனால் ஜிஎஸ்டி தளத்தில் டிசிஎஸ் வரவுப் பகுதிக்குப் போய் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்தால்தான் அங்கே உள்ள உங்கள் ரொக்கக் கணக்கில் சேரும். வருமான வரிக்கான 0.1 சதவீதப் பிடித்தம் வேறு. ஒரு தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்குள் விற்கும் தனிநபர் பானோ ஆதாரோ கொடுத்திருந்தால் அது பிடிக்கப்படாது.