லெவல் 91 வந்தும் பாதி வழிதான்: எக்ஸ்பி கணக்கு ஓடும் விதம்

டயாப்லோ 2 என்ற ஆக்‌ஷன் ரக வீடியோ கேமில் உச்ச லெவல் 99. அதுவரை போகத் தேவையான எக்ஸ்பியில் (மான்ஸ்டர்களைக் கொன்று சேர்க்கும் அனுபவப் புள்ளிகள்) சரிபாதி எந்த லெவலில் சேர்ந்திருக்கும்? 50 என்று சொல்லத் தோன்றும், கொஞ்சம் விவரமானவர்கள் 70 என்பார்கள். விடை 91. லெவல் 99-க்கு மொத்தம் 352 கோடிக்கு மேல் எக்ஸ்பி வேண்டும், 91-ல் நிற்கிறவரிடம் இருப்பது 176 கோடி சொச்சம்தான். அந்த உயரத்தில் ஒவ்வொரு லெவலும் முந்தையதைவிடச் சுமார் 9% கூடுதலாகக் கேட்கிறது. 9% என்றால் அற்பமாகத் தெரியும், ஆனால் வட்டிக்கு வட்டி மாதிரி ஏறி எட்டு லெவலில் இரட்டிப்பாகிவிடுகிறது.

ஏன் இவ்வளவு செங்குத்தாக வைக்கிறார்கள்? ஆடுகிறவரும் வளர்ந்துகொண்டே போகிறார் அல்லவா. ஆரம்பத்தில் ஒரு மான்ஸ்டரைக் கொல்லப் பத்து அடி அடித்தவர், நல்ல பில்டும் (திறன்களைத் தேர்ந்து அமைக்கும் விதம்) நல்ல ஆயுதமும் அமைந்த பிறகு ஒரே அடியில் திரையையே காலி செய்கிறார், போதாததற்குப் பெரிய மான்ஸ்டர் ஒவ்வொன்றும் கொடுக்கிற எக்ஸ்பியும் அதிகம். தேவை அதைவிட வேகமாக ஏறாவிட்டால் ஒரு வார இறுதியில் கேம் முடிந்துவிடும்.

செங்குத்தாக வைத்தால் மட்டும் போதாது. எளிதான ஏரியாவில் நின்றபடி சின்ன மான்ஸ்டர்களை ஆயிரக்கணக்கில் அறுத்துத் தள்ளினால் என்ன செய்வது? இங்கேதான் லெவல் வித்தியாசத்துக்கான வெட்டு வருகிறது. அதே ரகத்து இன்னொரு கேமான பாத் ஆஃப் எக்ஸைலில் உங்கள் லெவலை 16-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, 3 கூட்டினால் கிடைப்பது உங்களுக்கான சலுகை எல்லை. லெவல் 60-க்கு அது 6. ஏரியாவின் லெவல் உங்களிடமிருந்து 6 வரை விலகியிருந்தால் எக்ஸ்பி முழுசாக வரும். 50-ம் லெவல் ஏரியாவுக்குப் போனால் வித்தியாசம் 10, எல்லையைத் தாண்டியது 4, கிடைப்பது ஏறக்குறைய 55%. இன்னும் 5 இறங்கி 45-க்குப் போனால் 10% கூடத் தேறாது. எல்லையைத் தாண்டிய எண்ணை 2.5 அடுக்குக்கு உயர்த்திக் கணக்குப் போடுவதால்தான் முதலில் வலிக்காமல் குறைந்து, அப்புறம் சடாரென்று சரிகிறது. மேலே போனாலும் இதே வெட்டுதான், பலசாலி நண்பர் ஒருவர் உங்களைப் பெரிய ஏரியாவுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஓசியில் லெவல் ஏற்றிவிடவும் முடியாது. 'இங்கே போகாதே' என்று கேம் எங்கேயும் எழுதிவைப்பதில்லை, போனால் பிரயோசனமில்லாமல் செய்துவிடுகிறது.

கூட்டமாக ஆடும்போது கணக்கு வேறு. டயாப்லோ 2-ல் கேமுக்குள் வரும் ஒவ்வொரு கூடுதல் ஆளுக்கும் மான்ஸ்டரின் எக்ஸ்பி 50% ஏறும், எட்டுப் பேர் இருந்தால் நாலரை மடங்கு. மான்ஸ்டரின் உயிரும் சேர்ந்தே ஏறும் என்பதை மறந்துவிட்டுத் தனியாகத் திரிந்தால் அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிடும். ஒரே பார்ட்டியில் (சேர்ந்து ஆடும் குழுவில்) இருப்பவர்களுக்குள் அந்த எக்ஸ்பி அவரவர் லெவல் விகிதப்படி பிரியும், அதுவும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்.

ஆன்லைனில் ஆடும்போது இதையெல்லாம் கூட்டிக் கழிப்பது உங்கள் கணினி இல்லை, சர்வர். நீங்கள் அனுப்புவது 'இந்தப் பக்கம் அடித்தேன்' என்ற தகவல்தான். மான்ஸ்டர் செத்ததா, எவ்வளவு எக்ஸ்பி, யார் யாருக்கு என்பதைத் தீர்மானித்து சர்வர் திருப்பி அனுப்புகிறது. முதல் டயாப்லோவில் கேரக்டர் விவரம் ஆடுகிறவரின் கணினியிலேயே இருந்தது, அந்தக் கோப்பைத் திருத்தத் தெரிந்தவர் நினைத்த லெவலில் வந்து நின்றார். அந்தப் பாடத்துக்குப் பிறகு டயாப்லோ 2-ல் கேரக்டர்களை சர்வரிலேயே பூட்டி வைக்க ஏற்பாடு வந்தது. (சேமிக்கிற எண்ணுக்கும் கூரை உண்டு. கணினி 32 பிட் இடத்தில் எழுதும், மைனஸ் வராத எண் 429 கோடி சொச்சத்தோடு நின்றுவிடும். பாத் ஆஃப் எக்ஸைலின் லெவல் 100-க்குத் தேவை 425 கோடி!)

எக்ஸ்பி விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் கேமில் நடந்தது. அது ஆக்‌ஷன் ரகம் இல்லை, பரவாயில்லை. சோதனைக் காலத்தில், நீண்ட நேரம் ஆடினால் எக்ஸ்பி பாதியாகும் என்று வைத்தார்கள், ஆடியவர்கள் கொதித்துப் போனார்கள். உடனே பெயரை மாற்றினார்கள்: குறைந்த அளவு 'வழக்கமான' எக்ஸ்பி ஆனது, முழு அளவு 'ஓய்வெடுத்ததற்கான இரட்டிப்பு' ஆனது. எண்களைத் தொடவேயில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

கடைசியாக, சாவு. பாத் ஆஃப் எக்ஸைலின் மேப்களில் (கதை முடிந்த பிறகு ஆடும் ஏரியாக்கள்) செத்தால் அந்த லெவலுக்குத் தேவையான எக்ஸ்பியில் 10% போய்விடும், எக்ஸ்பி பட்டை 90%-ல் இருக்கும்போது இது நடந்தால் பல மணி நேர உழைப்பு காலி. ஆனால் லெவல் மட்டும் ஒருபோதும் இறங்காது, பட்டை பூஜ்யத்தோடு நின்றுவிடும். அதனால் விவரமானவர்கள் பட்டை நிரம்பும்வரை பழகிய மேப்களிலேயே பதுங்கி ஆடுவார்கள், லெவல் ஏறிய மறு நிமிடமே கைவசம் வைத்திருந்த மோசமான பாஸ் மான்ஸ்டர்களை எல்லாம் வரிசையாகப் போய்ச் சீண்டுவார்கள். அப்போது எத்தனை முறை செத்தாலும் எக்ஸ்பியில் இழக்க ஒன்றுமில்லை.