கொழுப்புணவு இல்ல, கீட்டோன் பத்தியம்

பக்கத்து போர்ஷன்ல 5 வயசுப் பையனுக்கு வலிப்பு. மருந்து மாத்தி மாத்திக் குடுத்தும் நிக்கலன்னு டாக்டர் கீட்டோஜெனிக் டயட் (மாவுச்சத்தை ரொம்பக் குறைச்சு, கொழுப்பைக் கூட்டற சாப்பாடு) ஆரம்பிச்சாங்க, வீட்டுக்குக் குடுத்த தாள்ல ‘கொழுப்புணவு சிகிச்சை’ன்னு தமிழ்ல போட்டிருந்துச்சு. தண்டையார்பேட்டையில இருந்து வந்த ஆயா அதைப் படிச்சிட்டு, கொழுப்புதானேன்னு குழைஞ்ச சோத்துல நாலு ஸ்பூன் நெய் ஊத்தி ஊட்டிட்டாங்க. மறுநாள், உடம்புல கீட்டோன் உண்டாகுதான்னு பாக்கற யூரின் ஸ்ட்ரிப்ல கலரே ஏறல, அதாவது டயட் வேலை செய்யல. தப்பு ஆயா மேல இல்ல, அந்தச் சொல்லு மேல.

அசிட்டோன்ங்கற ரசாயனத்தோட பேர்ல இருந்து ஜெர்மன் வேதியியல்காரர் க்மெலின் 1848ல எடுத்த பேரு கீட்டோன், ஜெனிக்னா உண்டாக்குறது. 1921ல அமெரிக்காவுல இருக்கற மேயோ கிளினிக் டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் ரெண்டையும் சேர்த்து இந்த உணவுக்குப் பேர் வெச்சாரு.

பேர்லயே கொழுப்பு கிடையாது பாருங்க. மாவுச்சத்தை அடியோட குறைச்சாதான் கல்லீரல் கொழுப்பைக் கீட்டோனா மாத்தும், மூளை சர்க்கரைக்குப் பதிலா பெரும்பாலும் அதுல ஓடும். கறாரான அளவுன்னா 4 கிராம் கொழுப்புக்கு, புரதமும் மாவும் சேர்த்தே 1 கிராம்தான், அதுல ஒரு கைப்பிடி சோறு எங்க போய் நிக்கும்? ‘கொழுப்புணவு’ எதைச் சேர்க்கணும்னு சொல்லுது, எதை நிறுத்தணும்ங்கறதை முழுங்கிடுது. அதுவும் நம்ம வடசென்னையில கொழுப்புன்னா முதல்ல திமிருதான், பிள்ளைக்குக் கொழுப்புச் சாப்பாடுன்னா எந்த அம்மா வெளிய சொல்லுவா?

‘கீட்டோனாக்க உணவு’ன்னு சிலர் எழுதறாங்க. அர்த்தம் சரி, ஆனா உணவுன்னா பசிக்குத் தின்றது. இது தராசுல எடை போட்டு, டாக்டர் கண்காணிப்புல, கேட்டுச்சுன்னா பெரும்பாலும் ரெண்டு வருஷம் வரைக்கும் போறது, வீட்ல நாமளா ஆரம்பிக்கவே கூடாது. அதுக்குத்தான் பத்தியம்னு ஒரு சொல்லு வெச்சிருக்கோமே! பத்தியம்னாலே வைத்தியர் சொன்னது, மீறினா மருந்து வேலை செய்யாதுன்னு ராயபுரத்துல மீன் விக்கிற அக்காவுக்கும் தெரியும். வடசொல்லுன்னு ஒதுக்கறவங்க இருக்காங்க, எனக்கும் தமிழ் மேல பாசம் உண்டு, ஆனா தலைமுறை தலைமுறையா நம்ம அடுப்படியில புழங்குற சொல்லைத் தள்ளிட்டு யாருக்கும் புரியாததை ஒட்ட வெச்சா அவஸ்தைப்படறது அந்தப் புள்ளதான். பத்தியம்னா எண்ணெயே கூடாதேன்னும் சிலர் கேட்டாங்க, பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியத்துலதானே பூண்டும் நல்லெண்ணெயும் போட்டுக் குடுக்கறோம்?

மொழிபெயர்க்கிறவங்க தாளை அச்சுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு ஆயாகிட்ட படிச்சுக் காட்டி, என்ன சமைப்பீங்கன்னு கேக்கணும். இப்ப அந்த வீட்டு சமையக்கட்டு சுவத்துல நானே மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கேன்: ‘கீட்டோன் பத்தியம். சோறு, பன்னு, சர்க்கரை போட்ட சிரப் எதுவும் கேக்காம குடுக்காதீங்க.’