மலைநாட்டுக் குசினி வேறு, கட்டார் குசினி வேறு

நான் ஹட்டன் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருக்கிறேன். கடை, பேக்கரி, ஹோட்டல் என்று பார்ப்பதுதான் வேலை. ஆனால் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த முகம் என்பதால், டுபாயில் இருந்தாலும் குவைத்தில் இருந்தாலும் நம் பிள்ளைகள் "சேர், இதைச் சாப்பிடலாமா?" என்று வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அது சந்தோஷம்தான். ஊரைவிட்டுப் போன பிள்ளை வெளியே வாங்கித் தின்னாமல் ரொட்டியும் சம்பலும் தானே செய்து சாப்பிடுகிறதென்றால் உடம்புக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது, அனுப்புகிற காசும் மிஞ்சும்.

போன வருஷம் கட்டாரிலிருந்து ஒரு தம்பி பேசினான், டிக்கோயாப் பக்கத்துப் பையன். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழன் இரவு அறையில் இருக்கும் ஆறு பேருக்கும் பெரிய சட்டியில் சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சச் சோற்றை மூடி அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள். மறுநாள் பகல் அதையே லீக்ஸும் முட்டையும் போட்டுப் பிரட்டிச் சாப்பிட, இரண்டு மணித்தியாலத்துக்குள் மூன்று பேருக்கு வாந்தி. "சோறு மணக்கவே இல்லை சேர், நல்லாச் சூடாக்கித்தான் சாப்பிட்டோம். முட்டைதான் சரியில்லை போல" என்றான். எனக்குச் சோற்றின் மேல்தான் சந்தேகம் போனது.

அரிசியில் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சுக்கு வாசனை கிடையாது, மறுபடி சூடாக்கினாலும், எண்ணெயில் பிரட்டினாலும் அழியாது. சாப்பிட்டு அரை மணியிலிருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் வாந்தி தொடங்கும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், ஜீவனி மாதிரி உப்பும் சீனியும் கலந்த கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் போதும். ஆனால் குடித்த தண்ணீரும் நிற்கவில்லை, ஆள் சோர்ந்து மயங்குகிறார் என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

"எங்க அம்மா காலமெல்லாம் அப்படித்தானே சேர் வைப்பாங்க?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருஷ சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான், தை மாசத்தில் சில விடியற்காலைகளில் புல்லில் உறைபனி பிடித்துக் கிடக்கும். அந்தக் குளிரில், தகரக் கூரைக்குக் கீழே, அணைந்த அடுப்புப் பக்கத்தில் இருக்கும் சோற்றுப் பானை விடியும்போது தொட்டால் சில்லென்று இருக்கும். அம்மாவின் குசினியே பாதி ஃபிரிட்ஜ். இந்தத் தம்பியின் அறையிலோ படுக்கிற இடத்தில் மட்டும் ஏசி. குசினியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் 35 பாகை. அம்மாவின் பழக்கம் அங்கே செல்லாது. (பருப்பு அங்கே சீக்கிரம் குழைந்துவிடுகிறது என்று சொல்பவர்களுக்கும் அந்த உயரம்தான் பதில், உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், கட்டாரில் 100.)

ஆகவே மிச்சச் சோற்றைச் சட்டியோடு விடாதீர்கள். ஆழமான சட்டியின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். ஒரு அகன்ற தட்டில் மெல்லிசாகப் பரப்பி, ஆவி போனதும் சின்னப் பெட்டிகளில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த நாளே சாப்பிட்டு முடியுங்கள், ஆவி பறக்கச் சூடாக்கி, ஒரே ஒரு தரம். பழைய சோறு வேண்டுமா, தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் தண்ணீர் ஊற்றி ஊற வைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருக்கட்டும். தேங்காய்ச் சம்பலும் அப்படித்தான், அந்த வெயிலில் இரண்டு மணித்தியாலம் தாங்காது. வேளைக்கு வேண்டிய அளவு மட்டும் இடியுங்கள்.

குளிர் நாட்டுக்குப் போனவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. ருமேனியாவில் வேலை செய்யும் ஒரு தங்கை, வெளியே பனி கொட்டுகிறது, கரி அடுப்பை உள்ளே வைத்து நெத்தலி சுடலாமா, அறையும் சூடாகுமே என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று உடனே போன் எடுத்துச் சொன்னேன். தோட்டத்து லயன் வீட்டுக் குசினியில் விறகும் கரியும் எரிக்கிறோம் என்றால், கூரை இடுக்கு, கதவு இடுக்கு, புகைக்கூடு என்று காற்று போக ஆயிரம் வழி. குளிர் நாட்டு வீடு காற்றே புகாமல் அடைத்துக் கட்டியது. அதற்குள் கரி எரிந்தால் கார்பன் மோனொக்சைட் சேரும். புகை தெரியாது, வாசனை வராது, தலைவலியும் குமட்டலுமாகத் தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கருவாட்டைத் தாச்சியில் பொரித்துக்கொள்ளுங்கள், ருசி கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

சிவப்பு ராஜ்மா கறி வைப்பவர்களும் கவனியுங்கள். ஐந்து மணித்தியாலம் ஊற வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நன்றாகக் கொதிக்க விட வேண்டும். மெதுவாக வேக வைக்கும் மின்சாரச் சட்டியில் அப்படியே போட்டால் சூடு போதாமல் அதில் உள்ள நஞ்சு அப்படியே இருக்கும், நாலைந்து விதையே வாந்தி எடுக்க வைத்துவிடும்.

ரொட்டிக்கு மா வாங்கும்போது பாக்கெட்டை வாசியுங்கள். லண்டன் கடைகளில் தானே பொங்கும் மா என்று பேக்கிங் பவுடர் கலந்தே விற்பார்கள், அதில் தட்டினால் ரொட்டி பன் மாதிரி உப்பிவிடும். சாதா கோதுமை மாதான் வேண்டும். தேங்காய் கிடைக்காவிட்டால் காய்ந்த தேங்காய்த் தூளில் சுடுதண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் மூடி வைத்துப் பிசையுங்கள், நம் தேங்காய் ரொட்டிக்குக் கிட்ட வந்துவிடும்.

அப்புறம், வீட்டில் இருக்கும் அம்மாமார்களுக்கு ஒன்று. பிள்ளை சவூதிக்கோ எமிரேட்ஸுக்கோ போகிறதென்றால் பெட்டியில் கசகசா (அபின் செடியின் விதை) வைக்காதீர்கள், மசாலாவில் அரைத்தும் போடாதீர்கள். அங்கே அது தடை செய்த பொருள், விமான நிலையத்தில் பிடித்தால் போதைப்பொருள் விஷயமாகிவிடும்.

கட்டார்த் தம்பி போன வாரம் ஒரு படம் அனுப்பியிருந்தான். பெரிய அலுமினியத் தட்டில் சோறு, மேலே ஃபேன் ஓடுகிறது. "சேர், இது போதுமா?" என்று கேட்டிருந்தான். சோறு மூன்று விரல் உயரத்துக்கு இருந்தது. இன்னொரு தட்டு எடுத்துப் பாதியை அதில் பரப்பச் சொன்னேன்.