தெர்மல் படத்தை மட்டும் நம்பித் தூணைக் கொத்தாதீர்கள்

மறுபடியும் அதே கூத்து. விடியற்காலையில் எடுத்த தெர்மல் படத்தில் தூணில் ஒரு நீலத் திட்டு. ‘உள்ளே கான்கிரீட் காலி’ என்று முடிவுகட்டி, கம்பி தெரியுமளவு கொத்திவிட்டார்கள். கான்கிரீட் கெட்டியாகத்தான் இருந்தது. அதிலிருந்து விட்டுப்போனது வெளிப்பூச்சு மட்டுமே.

தெர்மல் கேமரா சுவரைத் துளைத்துப் பார்க்கிற கருவி என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். அது அளப்பது மேற்பரப்பின் சூட்டை மட்டும். உள்ளே உள்ள குறை அந்தச் சூட்டை மாற்றினால்தான் படத்தில் வரும். ஆழத்தில் உள்ள சிறு பொந்து வராது. நிறமும் கேமரா தானாகப் போட்டுக்கொள்வது. படத்தில் ஆகக் குறைந்த சூட்டுக்கு நீலம், வித்தியாசம் அரை டிகிரியே ஆனாலும். பக்கத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள்.

வெயில் படும் சுவரில் பூச்சு விட்ட இடம் பகலில் சூடாகவும் இரவில் குளிர்ந்தும் தெரியும். காலையிலும் மாலையிலும் சிறிது நேரம் சுற்றுப்புறத்தோடு சமமாகி மறைந்தே போகும். அந்நேரத்தில் படமெடுத்து ‘குறையில்லை’ என்று எழுதித் தருகிறவர்களை என்ன சொல்வது! ஓதம் பட்ட இடமும் ஈரம் ஆவியாவதால் குளிர்ந்துதான் தெரியும். ஈரமானி வைக்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. பளபளப்பான டைல்ஸில் திட்டு தெரிந்தால் இரண்டடி நகர்ந்து பாருங்கள். திட்டும் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு.

சந்தேகமான இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால் பூச்சை மட்டும் எடுத்துவிட்டு, கான்கிரீட்டில் அல்ட்ராசோனிக் சோதனை செய்யுங்கள்; அதாவது, கேளா ஒலியை உள்ளே அனுப்பி அதன் வேகத்தை அளப்பது. ஒலியை அனுப்புவது, வாங்குவது என இரண்டு ப்ரோபும் எதிரெதிர் முகங்களில், நேருக்கு நேர். கிரீஸ் தடவாவிட்டால் இடையில் உள்ள காற்றே ஒலியைத் தடுத்துவிடும். 300 மி.மீ. தூணைக் கடக்க 75 மைக்ரோ செகண்ட் ஆனால் வேகம் நொடிக்கு 4 கி.மீ.; நல்ல கான்கிரீட். 100 ஆனால் 3 கி.மீ.; ஹனிகூம் (தேன்கூடு போன்ற பொந்துகள்), விரிசல் என்று சந்தேகப்பட வேண்டும். அகலத்தை டேப்பால் அளந்து போடுங்கள், டிராயிங்கைப் பார்த்து அல்ல. ஒலி செல்லும் திசையிலேயே கம்பி ஓடினால் ஒலி இரும்பு வழியாக முந்திவந்து, மோசமான கான்கிரீட்டையும் நல்லதாகக் காட்டும். முன்கூட்டியே, உள்ளே கம்பி இருக்குமிடத்தைக் காட்டும் கவர் மீட்டரால் கம்பிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு புள்ளியோடு நிறுத்தாமல் தூண் நெடுகக் கட்டம் போட்டு எடுங்கள்.

இந்த வேகத்தை வைத்து ‘இது எம்25 என்ற வலிமைத் தரம்தானா’ என்று கேட்காதீர்கள். அதற்குக் கோர், அதாவது உருளை வடிவக் கான்கிரீட் மாதிரி, வெட்டிச் சோதிக்க வேண்டும். கொத்தியே ஆகவேண்டுமென்றால், கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்டு, பீமுக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்த பிறகு உளியை எடுங்கள், தயவுசெய்து.