ஆற்றில் இறங்கிப் பார்க்கும் பிள்ளைகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரைத் தாமிரபரணிக் கரைக்கு முதன்முதலாக அழைத்துப் போன அன்று, "இதுக்கு முன்னாடி ஆத்துல குளிச்சவங்க கை தூக்குங்க" என்றேன். ஒன்பது கைகள் உயர்ந்தன. அந்த ஒன்பதிலும் நான்கு பேர், குடும்பத்தோடு பாபநாசம் கோயிலுக்குப் போனபோது ஒரே ஒரு தடவை குளித்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆறு பத்து நிமிட நடைதான். வீட்டுக் குழாயில் அவர்கள் பிடித்துக் குடிப்பதும் இதே ஆற்றுத் தண்ணீர்தான்.

விலங்கியல் படித்துவிட்டு, நெல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் பதினோரு ஆண்டுகளாகச் சூழல் கல்வி நடத்துகிறேன். முதல் சில ஆண்டுகள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். பேரணி, பதாகை, உறுதிமொழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்குவது. சாக்கு சாக்காகக் குப்பை அள்ளுவோம், படம் எடுப்போம், கலைந்துவிடுவோம். அடுத்த மாதம் போனால் அதே இடத்தில் அதே குப்பை கிடக்கும். பிள்ளைகளுக்கு மிஞ்சியது, ஆறு என்றால் அழுக்கு என்கிற நினைப்பு மட்டும்தான். அது எனக்கு உறுத்தியது. அப்புறம் முறையை மாற்றினேன். ஒரு பள்ளிக்கு ஒரு படித்துறை. மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஏழு மணி. வருடம் முழுக்க அதே இடம், அதே நேரம்.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. பிறப்பதும் முடிவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே. மலையில் இருக்கும் அணைகள் போக, கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே நின்று வாய்க்கால்களுக்குத் தண்ணீரைத் திருப்புகின்றன. வாய்க்காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல். ஆறு முழுவதும் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருப்பது நல்ல செய்தியும்கூட. பக்கத்து மாநிலத்தைக் கைகாட்டித் தப்பிக்க இந்த ஆற்றில் வழி இல்லை. இதில் கலக்கும் அழுக்கு அத்தனையும் நாம் கலப்பது.

அப்படியானால் ஆற்றுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில் என்ன வந்து நின்றது? வீட்டுக்குக் குழாய் வந்தது முதல் காரணம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அந்த அருமை தெரியும். ஆனால் ஆள்நடமாட்டம் குறைந்த படித்துறை என்ன ஆகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் படிகளில் மணலும் சேறும் ஏறும். தண்ணீர் தேங்கும் ஓரத்தில் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, மூடும். சாயங்காலத்தில் பாட்டில்கள் உடையத் தொடங்கும். அதன் பிறகு பெண்கள் வரமாட்டார்கள். துணி மாற்ற ஒரு மறைவுகூட இல்லாத துறையில் முன்பு கூட்டம்தான் அவர்களுக்குக் காவலாக இருந்தது. கூட்டம் போனதும் அந்தக் காவலும் போய்விட்டது. கடைசியாக, யாரும் கேட்க மாட்டார்கள் என்கிற தைரியத்தில் ஒரு சாக்கடை வந்து சேரும். நான் போய்ப் பார்த்த துறைகள் பலவற்றிலும் ஏறத்தாழ இதே வரிசைதான்.

2023 டிசம்பர் வெள்ளம் இதை இன்னும் கெடுத்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய நாட்கள் அவை. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்வது நெல்லைக்குப் புதிதில்லை. அந்தத் தடவை ஊருக்குள்ளும் ஆறு புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு சில துறைகளில் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவித் தேட வேண்டியிருந்தது. அந்தத் துறைகளின் பக்கத்துப் பிள்ளைகளின் வீடுகளில் ஆறு என்றால் இப்போது பயம். "மிஸ், எங்க அம்மா விடமாட்டாங்க" என்று சொல்பவர்களின் எண்ணிக்கை அதற்குப் பிறகு கூடிவிட்டது.

அந்தப் பயத்தை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. மணல் அள்ளிய இடங்களில் ஆற்றின் தரை சமமாக இருக்காது. முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே போவோம், அடுத்த அடியில் ஆள் மூழ்கும் பள்ளம் இருக்கும். ஆர். நல்லகண்ணு தொடுத்த வழக்கில், 2010-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஆனால் ஒருமுறை விழுந்த பள்ளங்களை ஆறு நிரப்பிக்கொள்ளப் பல வெள்ளங்கள் வேண்டும். அதனால் எங்கள் விதிகள் கறாரானவை. முழங்காலுக்கு மேல் யாரும் இறங்கக் கூடாது. ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். நீச்சல் தெரிந்த இருவர் தண்ணீருக்குள்ளேயே, பிள்ளைகளுக்கு அந்தப் பக்கமாக நிற்க வேண்டும். மலையில் மழை என்றாலோ அணையில் தண்ணீர் திறக்கிறார்கள் என்றாலோ அன்றைக்குக் கரையிலேயே வகுப்பு. எங்கே கசம் (ஆழமான மடு), எங்கே சுழி என்று அந்தத் துறையில் தினமும் குளிப்பவர்களிடம் கேட்காமல் நான் யாரையும் இறக்குவதில்லை.

அந்தத் தினமும் குளிப்பவர்களைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எங்கள் படித்துறைக்கு ஓர் ஆச்சி வருவார். எழுபதைத் தாண்டியவர். இரண்டாவது மாதமோ மூன்றாவது மாதமோ, நாங்கள் வெப்பமானியும் பாட்டிலுமாக உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏ பிள்ள, என்னத்தப் பாக்கிய?"

"தண்ணி நல்லாருக்கான்னு பாக்கோம் ஆச்சி."

"இதுக்கு எதுக்கு இவ்வளவு சாமான்? போன அமாவாசையில இருந்து காலம்பற கல்லு வழுக்குது. முன்ன வெயில் காலத்துலதான் வழுக்கும். மேல எவனோ எதையோ தொறந்து விட்டிருக்கான்."

அன்றைக்கு நாங்கள் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்தோம். படித்துறைக்கு மேற்கே, ஆறு வரும் பக்கத்தில் ஒன்று. படித்துறையில் ஒன்று. சற்றுத் தள்ளி, செடிகளுக்குள் மறைந்து வந்து சேரும் ஒரு சின்ன ஓடையின் வாயில் ஒன்று. நாங்கள் பயன்படுத்துவது ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி. உள்ளே ஊட்டப்பொருளோடு ஒரு தாள் இருக்கும். மலத்தோடு வரும் பாக்டீரியா தண்ணீரில் இருந்தால் ஓரிரு நாளில் குப்பி கறுத்துவிடும். எத்தனை பாக்டீரியா என்று எண்ணிக்கை சொல்லாது, இருக்கிறது என்று மட்டும் காட்டும். திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வகுப்பு அலமாரியைத் திறந்தபோது ஓடைக் குப்பி மை மாதிரி கறுத்திருந்தது. படித்துறைக் குப்பியும் கறுப்பு. மேற்கே எடுத்தது இன்னும் மாறாமல் இருந்தது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன் கேட்டான்: "மிஸ், ஆச்சிக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கல் வழுக்குவதற்குக் காரணம் பாசி. கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்கு உரம். ஐம்பது ஆண்டுகளாக அதே கல்லில் கால் வைத்து இறங்குபவருக்கு அந்த மாற்றம் பாதத்தில் தெரிந்துவிடுகிறது. குளிப்பதற்கான தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் அளவு: 100 மில்லி லிட்டரில் கழிவின் அடையாளமாக எண்ணப்படும் மொத்தக் கோலிஃபார்ம் பாக்டீரியா 500-க்குள், கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்குக் குறையாமல், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (தண்ணீரில் உள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 3 மில்லி கிராமைத் தாண்டாமல். இந்த அளவுகளைப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்தான். ஆனால் ஆய்வகத்துக்கு அனுப்பித் தாள் வருவதற்குள், துறையில் துவைப்பவர், குளிப்பவர், தூண்டில் போடுபவர் எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் ஆற்றைக் காப்பாற்றுகிறோம் என்று கம்பிவேலி போடும் யோசனைகளைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. துணி துவைப்பவர்களை விரட்டு, மாட்டைக் குளிப்பாட்டாதே என்று பலகை வை என்பார்கள். சோப்பு ஆற்றுக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. கரையில் துவைகல் போட்டு, அந்தத் தண்ணீர் மண்ணில் இறங்கும்படி செய்யலாம். ஆனால் பத்துப் பேர் துவைக்கும் சோப்பையும், ஒரு நகரத்துக் கழிவுநீர் இரவும் பகலும் விழுவதையும் ஒன்றாக வைத்துப் பேசுவது அநியாயம். துவைப்பவரை விரட்டினால் ஆற்றின் முதல் காவலாளியை விரட்டியதாக ஆகும். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன விழுகிறது என்று பார்க்க ஆளே இருக்காது.

பாபநாசத்தில் நிலைமை வேறு. அங்கே ஆள் வராதது பிரச்சினை இல்லை, பரிகாரம் செய்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவதுதான் பிரச்சினை. இன்றைய துணியில் பெரும்பகுதி பாலியெஸ்டர். அது மட்காது. பாறை இடுக்குகளில் சுற்றிக்கொண்டு கிடக்கும், குளிப்பவர் காலிலும் சிக்கும். மீனுக்குப் பொரி போட்டு மகிழ்கிற அதே படியில் இதுவும் நடக்கிறது. "துணியை விட்டாதான் பாவம் போகும்னு சொல்றாங்க மிஸ்" என்று ஒரு பெண் பிள்ளை சொன்னாள். நான் அவளோடு வாதாடவில்லை. துணியை ஆற்றில் போடாமல் படியில் இருக்கும் தொட்டியில் போட்டால் என்ன என்று வீட்டில் கேட்டு வரச் சொன்னேன். அடுத்த மாதம் அவள் பாட்டியின் பதிலோடு வந்தாள்: "தண்ணில முங்கினதே போதுமாம்." இப்படிப்பட்ட பேச்சை வீட்டுக்குள் கொண்டுபோக ஒரு பிள்ளையால்தான் முடியும்.

சரி, மாதம் ஒருமுறை போய் என்னதான் செய்கிறோம்? செலவு ஒன்றும் பெரிதில்லை. ஒரு வெள்ளைத் தட்டு, டீ வடிகட்டி, வெப்பமானி, நோட்டு. ஓடுகிற தண்ணீரில் கிடக்கும் கல்லை மெதுவாகப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருப்பதை வடிகட்டியில் ஏந்தித் தட்டில் விடுவோம். மூன்று வால் உள்ள மேஃப்ளைப் பூச்சியின் குஞ்சு கிடைத்தால் சந்தோஷம். ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரில் அதனால் வாழ முடியாது. மணல் துகள்களை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் புழுவும் நல்ல அடையாளம்தான். வெறும் சிவப்பு ரத்தப்புழுக்களாகவே கிடைத்தால் அந்த இடத்தில் ஏதோ சரியில்லை. மீன் தொட்டி வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு ரத்தப்புழுவை முன்பே தெரியும். பார்த்து எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கல்லைப் பழையபடி திருப்பி வைப்போம். இதை மட்டும் பிள்ளைகள் மறந்ததே இல்லை.

ஜனவரியில் குளங்களுக்கும் போவோம். ஏட்ரீ அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் 2011 முதல் ஆண்டுதோறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. தன்னார்வலர்கள் குழு குழுவாகப் பிரிந்து பாசனக் குளங்களில் எண்ணுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அது திருவிழா. திரும்பும் வழியில் ஒருமுறை திருப்புடைமருதூர் கூட்டிப் போனேன். கோயிலைச் சுற்றியுள்ள மரங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும் ஊர். 2005-ல் அரசு அதைப் பறவைகள் காப்பகமாக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் எச்சமும் வாடையும் பொறுத்து அந்தப் பறவைகளோடு வாழ்ந்து வருகிறார்கள்.

ஓடைக் கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். பிள்ளைகள் ஓடையைப் பின்தொடர்ந்து இரண்டு தெரு நடந்தார்கள். மழைநீர் வடிகாலில் சில கட்டடங்களின் கழிப்பறைக் குழாய்களைச் சேர்த்திருந்தார்கள். மூன்று குப்பிகளின் படம், ஆறு மாதத்து நோட்டுப் பக்கங்கள், கையால் வரைந்த வரைபடம் இவற்றோடு மனுக் கொடுத்தோம். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாவது முறை ஆச்சியும் துறையில் குளிக்கும் இன்னும் சிலரும் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஆள் வந்து பார்த்தார்கள், இரண்டு குழாய்களை அடைத்தார்கள். ஒன்று இன்னும் இருக்கிறது. படித்துறைக் குப்பி சில மாதம் மாறாமல் இருக்கிறது, சில மாதம் கறுக்கிறது.

அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஒன்பதாவதுக்குப் போய்விட்டார்கள். போகும்போது நோட்டைப் புது ஏழாம் வகுப்பிடம் கொடுத்தார்கள். முதல் பக்கத்தில் கசம் இருக்கும் இடத்தைச் சிவப்பில் குறித்து, அதன் கீழே "ஆச்சி காலை ஆறரைக்கு வருவார்கள், முதலில் அவர்களிடம் கேட்கவும்" என்று எழுதி வைத்திருந்தார்கள்.